ஆர் அந்தப் பிள்ளையை அனுப்பினது?

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகிற ஏ32 வீதியில், மன்னார் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது வெள்ளாங்குளம். ஒரு பக்கம் தேவன்பிட்டிக் கடல், மற்றப் பக்கம் வயலும் காடும். வீதியால இன்னும் கொஞ்சம் போனால் முழங்காவில், அது கிளிநொச்சி மாவட்டம். போன விடுமுறைக்கு எங்களில் ஒருவரின் பெரியம்மா வீட்டுக்கு நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். இந்தக் கட்டுரை தொடங்கினது அந்த வீட்டு முற்றத்தில்தான்.

பெரியம்மாவின் பேத்திக்குப் பத்து வயசு. புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை. காலமை பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், மிச்ச நேரம் தாயின்ர போனில் காட்டூன். அண்டைக்கு முற்றத்து மணலில் பெரிய வட்டம் ஒன்று கீறி, அதுக்குள்ள சூரியன், சந்திரன், நட்சத்திரம் எல்லாம் போட்டு, நடுவில நிண்டு பூவரசம் தடியைச் சுழட்டிக்கொண்டு ஏதோ கத்தினா. பார்த்த உடனே எங்களுக்கு விளங்கிற்று. சகுரா! 'கார்ட்காப்டர் சகுரா' எண்ட யப்பான் அனிமேயில் வருகிற மந்திரச் சிறுமி. யப்பான் மொழியில் ஒலி, கீழே ஆங்கில எழுத்து. இரண்டுமே தெரியாத பிள்ளைக்குக் கதை மட்டும் முழுக்கத் தெரிஞ்சிருந்தது. பெயர் பெயராகச் சொல்லி விளங்கப்படுத்தினா. இரவில சகுரா வீட்டை விட்டுப் பறந்து போவாவாம், ஒவ்வொரு சீட்டாப் பிடிப்பாவாம்.

திண்ணையில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்த பெரியம்மா இதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறா.

"எத்தினை வயசு அந்தப் பிள்ளைக்கு?"

"பத்து, அம்மம்மா. என்னைப் போலதான்."

"பத்து வயசுப் பிள்ளையை இரவில தனிய வெளியில விட்டது ஆர்? ஆர் அவவ அனுப்பினது?"

நாங்கள் சிரித்தோம். பெரியம்மா சிரிக்கேல்லை. அந்த வீட்டுச் சுவரில் ஒரு படம் இருக்கு. 2008 இல் அந்தப் படத்தில் இருக்கிற அக்காவுக்குப் பதினாறு வயசு. இதுக்கு மேல எழுதப் பெரியம்மா விடேல்லை, நாங்களும் எழுதேல்லை. ஆனால் அவ கேட்ட கேள்வி எங்களோட யாழ்ப்பாணம் வரைக்கும் பஸ்ஸில வந்தது. மந்திரச் சிறுமிக் கதைகளுக்கு ஏறத்தாழ அறுபது வருச வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தால் என்ன தெரியும் என்று பார்க்க விரும்பினோம்.

*

முதலாவதாக வந்தவள் சாலி. மிட்சுதெரு யோகோயாமா என்ற மங்கா ஓவியர் 1966 இல் 'ரிபோன்' என்ற சிறுமிகள் இதழில் வரைந்த பாத்திரம். அதே வருசம் டிசம்பரில் தோஎய் நிறுவனம் அதைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. முதல் 17 பாகங்கள் கறுப்பு வெள்ளை, பிறகு வர்ணம். ஒரு சுவையான விசயம், இதே யோகோயாமாதான் பத்து வருசத்துக்கு முதல் பெடியன்களுக்காக ஒரு இராட்சத இரும்பு மனிதனைப் படைத்தவர். ஒரு சிறுவன் கையில் ஒரு சின்னக் கருவி, அதை இயக்கினால் இரும்பு மனிதன் போய்ச் சண்டை பிடிப்பான். பெடியனுக்கு இரும்பு கிடைத்தது, பெட்டைக்கு மந்திரம் கிடைத்தது. அந்தக் காலத்தில் யப்பானில் ஓடிக்கொண்டிருந்த ஒரு அமெரிக்கத் தொடரும் இதற்கு வித்திட்டது. சாதாரண மனிசனைக் கட்டி, மந்திரத்தை ஒளித்து வைத்துக் குடும்பம் நடத்துகிற சூனியக்காரியின் பகிடிக் கதை அது. அந்த மனைவியைச் சிறுமியாக்கினால் சாலி வந்துவிடுவாள். அவள் மந்திர உலகத்து இளவரசி, எங்கள் உலகத்துக்கு வந்து பள்ளிக்கூடம் போகிறாள், தான் யாரென்று சிநேகிதிகளுக்குச் சொல்லாமல் இருக்கிறாள்.

சாலியை ஆர் அனுப்பினது? ஒருவரும் இல்லை. அவளாகத்தான் வந்தாள். அவளது சக்தி பிறப்பால் வந்தது, எங்கட ஊரில காணி வருகிற மாதிரி.

அடுத்தவள் அக்கோ. (வன்னியில் வேலிக்கு அங்கால நிண்டு "அக்கோ!" எண்டு கூப்பிட்டால் நாலு வீட்டிலயிருந்து பதில் வரும். அதனாலேயே எங்களுக்கு இவளில் ஒரு தனி விருப்பம்.) ஃபுஜியோ அகாட்சுகா 1962 இலேயே வரைந்த மங்கா இது, தொலைக்காட்சிக்கு 1969 இல் வந்தது. அக்கோ இளவரசி இல்லை, சாதாரண வீட்டுப் பிள்ளை. தன்ர கண்ணாடி உடைந்தபோது அதைக் குப்பையில் எறியாமல் மண்ணில் கவனமாகப் புதைக்கிறாள். அந்த அன்புக்குப் பரிசாகக் கண்ணாடி உலகத்திலிருந்து அவளுக்கு ஒரு சின்ன மந்திரக் கண்ணாடிப் பெட்டி கிடைக்கிறது. அதைத் திறந்து சொன்னால் விரும்பிய ஆளாக மாறலாம். இங்கே சக்தி ஒரு நன்றிக்கடன். கொடுத்தவர் திரும்ப ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் வேறொருவர் கேட்டார், பொம்மைக் கொம்பனி. அக்கோவின் கண்ணாடிப் பெட்டி கடைகளில் பொம்மையாக விற்பனைக்கு வந்தது, நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு வந்த மந்திரச் சிறுமி கையில் வைத்திருந்த பொருளை, அது கோலோ பதக்கமோ சங்கிலியோ, கதாசிரியர் மட்டும் தீர்மானிக்கவில்லை. தொடருக்குக் காசு போடுகிறவரும் சேர்ந்து தீர்மானித்தார்.

இந்தக் கூத்து உச்சத்துக்குப் போனது 1982 இல் தொடங்கிய 'மிங்கி மோமோ' தொடரில். அதே 1982 பெப்ரவரி 15 அன்றுதான் யப்பான் அரசின் உதவியோடு கட்டப்பட்ட ரூபவாஹினி இலங்கையில் ஒளிபரப்பைத் தொடங்கியது. யப்பானின் கட்டடமும் கருவிகளும் வந்தன, பிறகு 'ஒஷின்' சிங்களம் பேசிக்கொண்டு வந்தாள். மந்திரச் சிறுமிகள் எங்கட கரைக்கு வந்து சேர இன்னும் கனகாலம் இருந்தது. மோமோ மந்திரத்தால் வளர்ந்த பெண்ணாக மாறுவாள். ஒருநாள் தாதி, ஒருநாள் பொலிஸ், இன்னொருநாள் வேறொரு தொழில். வளர்ந்தால் என்னவாகலாம் என்று சிறுமிகளுக்குக் காட்டின தொடர். 1983 ஜனவரியில் ஒளிபரப்பான 46 ஆவது பாகத்தில், மந்திரத்தை இழந்து நிற்கிற மோமோவை வீதியில் ஒரு லொறி மோதுகிறது. அவள் செத்துப் போகிறாள். லொறி நிறையப் பொம்மைகள்! பிறகு அவள் சாதாரண மனிதக் குழந்தையாகப் பிறக்கிற மாதிரிக் கதை தொடர்கிறது. தயாரிப்பாளர்களின் ஆத்திரம் அந்த லொறியில் ஏறி வந்தது எண்டு இண்டைக்கும் இரசிகர்கள் கதைக்கிறார்கள். மெய்யோ பொய்யோ, பொம்மை லொறி மெய். 1983 என்றாலே எங்களுக்கு வேறொரு ஞாபகம் வரும், அதை இங்கே விடுவம்.

*

1992 மார்ச்சில் 'செய்லர் மூன்' வந்தபோது கதையின் சட்டம் மாறியது. நவோகோ தக்கெவுச்சி வரைந்தது. உசாகி என்ற பதினாலு வயசுப் பிள்ளை, படிப்பில் பின்தங்கினவள், எதுக்கெடுத்தாலும் அழுகிறவள். ஒருநாள் ஒரு கறுப்புப் பூனை வந்து பதக்கம் ஒன்றைக் கொடுத்து, நீதான் போராளி, எதிரி வந்திட்டான், எழும்பு என்கிறது. அதுவரை மந்திரச் சிறுமிகள் செய்தது உதவி, பகிடி, வேசம் மாறுதல். இப்போது சண்டை. பெடியன்களுக்கென்று 1975 முதல் ஓடிக்கொண்டிருந்த ஐந்துபேர் படைத் தொடர்களின் அமைப்பை அப்படியே எடுத்துச் சிறுமிகளுக்குக் கொடுத்தார்கள். ஐந்து நிறம், ஐந்து சக்தி, ஒரு அணி.

செய்லர் மூனில் எங்களுக்கு இருக்கிற மரியாதையைக் குறைக்க விரும்பேல்லை. பொம்பிளைப் பிள்ளையள் அணியாகச் சேர்ந்து ஒருவருக்காக ஒருவர் நிற்பதைக் காட்டின தொடர் அது. உலகம் முழுக்க ஒரு தலைமுறைப் பெண்கள் அதைப் பார்த்து நிமிர்ந்தார்கள். 1997 வரை 200 பாகங்கள். ஆனால் பெரியம்மாவின் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு பாருங்கோ. உசாகியை அனுப்பினது பூனை. பூனை சொல்கிற நியாயம், போன பிறவியில் நீ நிலவின் இளவரசி, இது உன் கடமை. வீட்டில் தாய் தகப்பனுக்கு ஒன்றும் தெரியாது. முதல் பருவத்தின் முடிவில் சிநேகிதிகள் நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகச் செத்துப் போகிறார்கள். பிறகு எல்லோரும் உயிரோடு, பழையது ஒன்றும் ஞாபகமில்லாமல், பள்ளிக்கூடம் போகிறார்கள். காட்டூனில் அப்படிச் செய்யலாம்.

*

நாங்கள் அதிகம் கதைக்க விரும்புவது சகுராவைப் பற்றி.

அவளை உருவாக்கியது கிளாம்ப் என்ற குழு. நாலு பெண்கள்: ஆகேஹா ஒகாவா, மொகொனா, ட்சுபாகி நெகோய், சட்சுகி இகராஷி. 1980களின் நடுப்பகுதியில் பத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்து, சொந்தமாக அச்சடித்துச் சொந்தமாக விற்கிற இரசிகர் இதழ்க் குழுவாகத் தொடங்கி, கடைசியில் நாலு பேராகச் சுருங்கி நிலைத்தவர்கள். (குழுவாக இயங்குகிற எல்லோருக்கும் இந்தச் சுருங்கல் கதை தெரியும். எங்களுக்கும்.) 1996 இல் 'நாகயோஷி' இதழில் சகுராவைத் தொடங்கினார்கள். செய்லர் மூன் வந்த அதே இதழ். 1998 ஏப்ரல் முதல் 2000 மார்ச் வரை 70 பாகங்களாகத் தொலைக்காட்சியில் வந்தது. மட்ஹவுஸ் கலையகம், மொரியோ அசாகா இயக்கம். ஒளிபரப்பியது யப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் செய்மதி அலைவரிசை. அதில் விளம்பரம் கிடையாது.

கதை இதுதான். சகுரா கினொமோட்டோ நாலாம் வகுப்புப் பிள்ளை. தகப்பன் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பிக்கிறவர். அவரது புத்தக அறையில் ஒரு பழைய புத்தகத்தைத் திறக்கிறாள். உள்ளே சீட்டுகள். ஒன்றை எடுத்துப் பெயரை வாசிக்க, காற்று கிளம்பி எல்லாச் சீட்டும் ஊர் முழுக்கப் பறந்து போய்விடுகிறது. புத்தகத்துக்குக் காவலாக இருந்து தூங்கிப்போன கேரோ என்ற குட்டிப் பிராணி எழும்பி, நீதான் திறந்தாய், நீதான் பிடிக்க வேணும் என்கிறது. மங்காவில் 19 சீட்டு, அனிமேயில் 52.

இங்கேயும் ஒரு பிராணிதான் வந்து பொறுப்பைக் கொடுக்கிறது. ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கோ. எதிரி என்று ஒருவரும் இல்லை. சீட்டுகள் கெட்டவை இல்லை, அவிட்டுவிட்ட கன்றுகள் மாதிரி. மழைச் சீட்டு மழை பெய்யப் பண்ணும், மரச் சீட்டு வீடு முழுக்கக் கிளை விடும். அடிச்சு வெல்லுறது குறைவு, அது என்னவெண்டு விளங்கிப் பிடிக்கிறதே கூட. கண்ணாடிச் சீட்டு சகுராவின் உருவத்திலேயே திரியும். அது இன்னதென்று சரியாகப் பெயர் சொன்னால்தான் பிடிபடும். மற்றது, அவளால் வந்த குழப்பத்தை அவளே திருத்துகிறாள். குளத்துக் கதவைத் திறந்து விட்ட பிள்ளை போய்ப் பூட்டிப்போட்டு வாற மாதிரி.

வேசம் மாறுகிற காட்சியும் இல்லை! இந்த வகைத் தொடர்களின் அடையாளமே அதுதான். ஒளி சுழல, ரிப்பன் சுழல, உடுப்பு தானாக வரும். சகுராவுக்கு உடுப்பு தானாக வராது. சிநேகிதி தொமோயோ தைத்துக் கொண்டு வருவாள். ஒவ்வொரு முறையும் வேறு உடுப்பு, எல்லாம் கைத்தையல். போடச் சொல்லிக் கெஞ்சி, போட்ட பிறகு வீடியோவும் எடுப்பாள். கிளாம்ப் காரர் இதில் ஒரு குறும்பும் செய்திருக்கிறார்கள். தொமோயோவின் தாய் ஒரு பெரிய பொம்மைக் கொம்பனியின் தலைவி. மோமோவை மோதின லொறியின் சொந்தக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கோ. அவவின்ர மகள் தையல் ஊசியோட இருந்து சிநேகிதிக்கு உடுப்புத் தைக்கிறாள். சகுராவின் மந்திரக்கோலும் கடையில் விற்றதுதான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த உடுப்புகளை எந்தக் கடையும் கொடுக்கவில்லை.

அடுத்தது வீடு. சகுராவுக்கு மூன்று வயசில் தாய் செத்துப் போனா. மேசையில் தாயின் படம் இருக்கும், தகப்பன் படத்தை மாற்றி மாற்றி வைப்பார், பிள்ளை காலமை எழும்பி வந்து படத்துக்கு வணக்கம் சொல்லும். பிறகு சாப்பாடு. குசினியில் ஒரு பலகை. இன்றைக்குச் சமையல் ஆர், நாளைக்கு ஆர் என்று அதில் எழுதியிருக்கும். தகப்பன், தமையன், சகுரா மூன்று பேருக்கும் முறை வரும். தமையன் தோயா வாய்க்கு வாய் தங்கச்சியை 'பூதம்' என்று நக்கலடிப்பான். ஆனால் அவள் இரவில் எங்கே போகிறாள் என்று அவனுக்கு எப்பவோ தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டு பின்னால் நிற்பான். மந்திரச் சிறுமிக் கதைகளில் வீட்டுக்காரர் பெரும்பாலும் ஏமாற்றப்பட வேண்டிய ஆட்கள். இங்கே வீடு ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது.

ஒரு சீட்டின் பெயர் மாயை. பார்க்கிறவர் எதைக் காண ஏங்குகிறாரோ அந்த உருவத்தில் வரும். சகுராவுக்கு அது அம்மாவாக வருகிறது. அவள் அம்மா அம்மா என்று பின்னால் போய் பாறை விளிம்பில் கால் தவறி விழுகிறாள். பிறகு யோசிக்கிறாள். உண்மையான அம்மா என்றால் தன்னை ஆபத்துக்குள் கூப்பிட்டிருக்க மாட்டா. அது விளங்கின பிறகுதான் அந்தச் சீட்டு பிடிபடுகிறது. நாங்கள் நாலு பேரும் இந்தப் பாகத்தை முதலில் பார்த்தது பன்னிரண்டு பதின்மூன்று வயசில். அப்போது அழுதோம், அவ்வளவுதான். இப்போது திரும்பப் பார்க்கையில் வேறொன்று தோன்றியது. தாய் என்ற சொல்லால் எங்கட பக்கத்தில் எத்தனை பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள்!

கடைசியில் ஒரு தீர்ப்பு வரும். சகுரா தோற்றால் ஒரு பேரழிவு நடக்கும் என்று கேரோ ஆரம்பத்திலிருந்தே பயமுறுத்துகிறது. நாங்கள் குண்டு வெடிக்கும், பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தோம். இல்லை. சீட்டுகளோடு தொடர்புபட்ட எல்லோரும், தாங்கள் அதிகம் நேசிக்கிற ஆளின் மேல் வைத்திருக்கிற அந்த உணர்வை மறந்துபோவார்கள். ஆட்கள் இருப்பார்கள், வீடு இருக்கும், நேசம் மட்டும் இருக்காது. இதைப் பேரழிவு என்று சொல்லத் துணிஞ்ச காட்டூன் இது.

இந்தத் தொடரை 2000 ஆம் ஆண்டு நெல்வானா நிறுவனம் ஆங்கிலமாக்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது என்ன செய்தது தெரியுமோ? பெடியன்களும் பார்க்க வேணும் என்று, சகுராவுக்குப் போட்டியாக ஹொங்கொங்கிலிருந்து வருகிற ஷவோரான் என்ற பெடியனை முன்னுக்குக் கொண்டுவந்தது. அவன் வருகிற எட்டாம் பாகத்திலிருந்து ஒளிபரப்புத் தொடங்கியது. முதல் ஏழு பாகம், அதாவது புத்தகம் திறந்தது, வீடு, படம், தொமோயோ முதன்முதல் தைத்துக் கொடுத்த உடுப்பு, எல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. 70 பாகத்தில் 39 தான் அமெரிக்காவில் காட்டினார்கள். ஒரு சிறுமியின் கதையை வெட்டுவதற்கு எங்கே கை வைத்தார்கள் என்று பாருங்கோ, அவளுடைய வீட்டில்.

*

எங்களிடமும் சக்தி உள்ள பெண்கள் இல்லாமலில்லை. வற்றாப்பளையில் கண்ணகி அம்மன் இருக்கிறா. வைகாசிப் பொங்கலுக்குக் கடல் தண்ணியில் விளக்கெரிகிற கோவில். ஊருக்கு ஊர் கன்னிமார் இருக்கிறார்கள். மரத்தடியில் கல்லாக நின்று பொங்கல் வாங்குகிறவர்கள். ஆனால் எங்கட கதைகளில் பெண்ணுக்குச் சக்தி வருகிற நேரத்தைப் பாருங்கோ. அநியாயம் நடந்த பிறகு வரும், இல்லாவிட்டால் செத்த பிறகு வரும். கண்ணகிக்குப் புருசன் கொலையுண்ட பிறகு. கன்னிமாருக்குக் கன்னியாகவே செத்த பிறகு. உயிரோடு இருந்து, வீட்டுப்பாடம் செய்து, தமையனோடு சண்டை பிடித்து, சமையல் முறை வந்தால் சமைத்து, அதோடு சக்தியும் வைத்திருக்கிற பெட்டை ஒருத்தி எங்கள் கோவில்களில் இல்லை. இதுக்குக் காரணம் சொல்ல நாங்கள் ஆய்வாளர்கள் இல்லை. செத்த பெண்ணைக் கும்பிடுவது எங்களுக்குப் பழகின வேலை என்று மட்டும் சொல்லலாம்.

*

சகுரா யப்பானில் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த 1998, 99 இல் வெள்ளாங்குளத்தில் கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி வானொலி கேட்ட காலம். பிறகு சமாதான காலத்தில் ஜெனரேற்றர் வைத்துப் படம் போட்டார்கள், சந்தா பிரித்து. இந்தியச் சனல்களில் தமிழ் பேசின டோரேமானும் ஷின்சானும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது யுத்தத்துக்குப் பிறகு. அவர்களும் பெடியன்கள்தான்.

2008 ஏப்ரலில் மடு மாதாவின் சொரூபமே இடம்பெயர்ந்து பக்கத்துத் தேவன்பிட்டிக் கோவிலுக்கு வந்தது. மாதாவே ஓடி வந்திட்டா, இனி நாங்கள் எங்க ஓடுறது எண்டு சனம் கதைச்சதாம். யூலையில் விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, ஓகஸ்ட் 2 ஆம் திகதி வெள்ளாங்குளம் என்று இராணுவம் வீதி வழியே மேலே வந்தது. மன்னார் மாவட்டத்தில் புலிகளிடம் கடைசியாக இருந்த இடம் வெள்ளாங்குளம். சனம் அதற்கு முதலே உழவு இயந்திரங்களில் கூரைத் தகரமும் ஏற்றிக்கொண்டு முழங்காவில், கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு என்று கிழக்கே போய், கடைசியில் முள்ளிவாய்க்காலில் கடலோடு முட்டி நின்றது. மிஞ்சினவர்கள் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் கம்பிக்குள் இருந்தார்கள்.

அந்தப் பாதை நெடுக மேலிருந்து செல் விழுந்தது. அரச படை பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலும், ஆசுப்பத்திரியிலும் விழுந்தது. அதே பாதையில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று புலிகள் கேட்டார்கள். கேட்டதும், பிறகு பிடித்ததும். பதினெட்டு வயசுக்குக் குறைந்தவர்களையும். பெட்டையளைப் பதுங்கு குழிக்குள் ஒளித்து வைத்த தாய்மார், வயசுக்கு முதல் கலியாணம் கட்டி வைத்த தாய்மார், தலைமயிரை வெட்டாமல் காப்பாற்றப் பார்த்த தாய்மார். (பிடிபட்ட பிள்ளை தப்பி வந்தால் அடையாளம் காட்டுவது கட்டையாக வெட்டின தலைமயிர்தான்.) இவற்றைப் பற்றி எங்கள் வீடுகளில் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். தாமாக விரும்பிப் போன அக்காமாரும் இருந்தார்கள், நிறையப் பேர். அவர்களுடைய துணிவைக் கொச்சைப்படுத்த நாங்கள் ஆர்? ஆனால் பதினாலு வயசுப் பிள்ளை விரும்பிப் போனாள் என்று சொல்லும்போது அந்த 'விரும்பி' என்ற சொல்லை ஒருக்கா நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதை நிறுத்தி வைத்துப் பார்த்த ஒரு அனிமே, 2011 ஜனவரியில் யப்பானில் தொடங்கியது. 'மடோகா மகிகா' என்று பெயர், மொத்தம் 12 பாகம். அகியுகி ஷின்போ இயக்கம், கென் உரொபுச்சி கதை. பார்க்க வழமையான மந்திரச் சிறுமித் தொடர் மாதிரி. இளஞ்சிவப்பு முடி, ரிப்பன், வெள்ளையாக முயல் மாதிரி ஒரு குட்டிப் பிராணி. கியூபே என்று பெயர். அது சிறுமிகளிடம் வந்து ஒப்பந்தம் பேசும். உனக்கு விரும்பின ஒன்றை நிறைவேற்றித் தருவேன், பதிலுக்கு நீ மந்திரச் சிறுமியாகிச் சூனியக்காரிகளோடு சண்டை பிடிக்க வேணும். ஒரு சிநேகிதி, கை ஏலாமல் போன பெடியனின் கையைச் சுகமாக்கச் சொல்லி ஒப்புக்கொள்கிறாள். எல்லாரும் விரும்பித்தான் போகிறார்கள்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது. ஒப்பந்தம் செய்த கணத்தில் பிள்ளையின் உயிரை உடம்பிலிருந்து எடுத்து ஒரு கல்லுக்குள் வைத்துவிட்டது கியூபே. அந்தக் கல் கறுத்துப் போனால் மந்திரச் சிறுமியே சூனியக்காரியாக மாறிவிடுவாள். அப்படியென்றால் அவர்கள் இத்தனை நாள் சண்டை பிடித்தது தங்களைப் போல முன்பு ஒப்புக்கொண்ட பிள்ளைகளோடு. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நீங்கள் கேட்கவில்லையே என்ற மாதிரிப் பதில். கியூபேயில் கோபமோ வஞ்சகமோ கிடையாது. அதற்கு ஒரு பெரிய நோக்கம் இருக்கிறது, பிரபஞ்சம் சக்தி தீர்ந்து அழியாமல் காப்பது. அந்தக் கணக்கில் இந்தப் பிள்ளைகள் எரிபொருள்.

மார்ச் 11 நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் கடைசி இரண்டு பாகங்களும் பிந்தி, ஏப்ரல் மூன்றாம் கிழமைதான் ஒளிபரப்பாகின. அதற்குச் சில நாள் கழித்து, ஏப்ரல் 25 அன்று, இலங்கையின் கடைசி யுத்தம் பற்றிய ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை வெளியானது. சனத்தின் மேல் செல் அடித்தது ஒரு பக்கம், சிறுவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததும் தப்பியோடினவர்களைச் சுட்டதும் மற்றப் பக்கம் என்று இரண்டு தரப்பையும் பற்றி எழுதியிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. நாட்காட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நாங்கள் மடோகாவைப் பார்த்தது அந்த அறிக்கையை வாசித்த அதே வயசில், அதே மடிக்கணினியில்.

மடோகா வந்த பிறகு, பழைய மந்திரச் சிறுமிக் கதையெல்லாம் பொய், இதுதான் உண்மை என்று எழுதினவர்கள் உண்டு. நாங்களும் கொஞ்சக் காலம் அப்படித்தான் கதைத்துத் திரிந்தோம், சகுராவைச் சின்னப்பிள்ளைக் காட்டூன் எண்டு தள்ளி வைத்துப்போட்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. மடோகா சொல்வது எங்கட வீடுகளுக்கு முதலே தெரியும். பெரியம்மாவுக்கு அதைச் சொல்ல ஒரு அனிமே தேவையில்லை. தெரியாமல் இருந்தது மற்றது. பிள்ளையின் கையில் சக்தி இருந்தும் அவளிடம் உயிரைக் கேட்காத கதை எப்படி இருக்கும், அந்தக் கதையில் வீடு எங்கே நிற்கும் என்பது. 1998 இல் நாலு பெண்கள் அதைக் கற்பனை பண்ணி வைத்திருக்கிறார்கள். 2016 இல் சகுராவைத் திரும்ப வரையத் தொடங்கினபோதும் அவளை உயர்நிலைப் பள்ளிக்குக்கூட அனுப்பவில்லை. வயசு ஒன்றோ இரண்டோதான் ஏறியிருந்தது. அந்த வீடு அப்படியே இருந்தது, பலகை அப்படியே இருந்தது.

*

யாழ்ப்பாணம் திரும்புவதற்கு முதல் நாள் பின்னேரம் பெரியம்மா வீட்டில் எல்லோரும் போனைச் சுவரோடு சாத்தி வைத்துச் சகுராவின் முதல் பாகம் பார்த்தோம். பேத்திதான் மொழிபெயர்ப்பாளர். பாதிக்கு மேல் அவவின்ர சொந்தக் கதை, நாங்கள் திருத்தப் போகேல்லை. புத்தகம் திறந்து சீட்டுகள் பறந்ததைப் பெரியம்மா பெரிதாக எடுக்கவில்லை. பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தா. கேரோ வந்தபோது "இதுதான் அனுப்புறதோ" எண்டு மட்டும் கேட்டா. "இல்லை அம்மம்மா, இது சீனிப்பலகாரம் கேக்கிறது" எண்டு பேத்தி சொன்னா. அது உண்மைதான். கேரோவுக்கு எந்த நேரமும் இனிப்புப் பைத்தியம்.

குசினிப் பலகை வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னா. கிட்டப் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா. அந்த எழுத்து எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது.

"இண்டைக்குச் சமையல் ஆற்ற முறை?"

"தமையன்ர" எண்டா பேத்தி, கொஞ்சமும் யோசிக்காமல்.

"நல்லம்" எண்டுபோட்டுப் பெரியம்மா புட்டுக்கு மா குழைக்க எழும்பினா.